பெயர் வெட்டியவர்கள்

திருவொற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு திருப்பெயர் உண்டு. ஊர்கள் செலுத்த வேண்டிய இறையைக் குறித்து அரசன் ஓலை எழுதுவித்தானாம். அந்த ஓலையின் வரிகளுக்கு இடையே 'ஒற்றியூர் நீங்கலாக' என்னும் சொற்கள் பின்னர் காணப்பட்டனவாம். எழுதினவனும் எழுதவில்லை என்றான், அரசனும் சொல்லவில்லை என்றான். ஆகவே எழுதியவர் ஒற்றியூர் உடையாரே என்று தெளிந்தார்கள் என்பது தலபுராணம். எழுத்தைக் கொண்டாடும் கோயில்கள் வேறு சில நம் நாட்டில் உண்டு. வரிக்கு நடுவே புகுந்து எழுதிவிட்டுப் போன கடவுள் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறோம்.

இக்கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, சதுரானன பண்டிதர் வேண்ட, அரசன் ஆணைப்படி கருங்கல் விமானத்தை எடுப்பித்த தச்சனின் பெயரைச் சொல்கிறது. ரவி என்னும் வீரசோழத் தச்சன். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. கோயிலை விட்டு வெளியே வந்து கடைத்தெருவில் நடந்தால் பாத்திரக் கடைகள். நம் இளமையில் அத்தகைய கடை ஒன்றின் வாசற்படியில் ஒரு முதியவர் சாக்கை விரித்து அமர்ந்து நாள் முழுவதும் பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருப்பார். சுற்றுவட்டாரத்தில் அவர் கைபட்ட குடமோ தூக்கோ இல்லாத வீடு குறைவு. அவருடைய பெயரை மட்டும் எந்தப் பாத்திரத்திலும் நாம் கண்டதில்லை. அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று நமக்கும் தோன்றவில்லை.

உலோகத்தில் எழுத்து வெட்டும் தொழிலுக்குள் ஒருவன் எந்த வாசல் வழியாக நுழைகிறான்? சில ஆண்டுகளுக்கு முன் குடும்பப் பாத்திரங்களைப் பங்கு பிரித்தபோது எழுந்த இந்தக் கேள்வி இன்னும் நம்மை விடவில்லை.

முதலில் அந்தக் கைவேலையைச் சொல்லிவிட வேண்டும். இன்று பலர் மின்சார ஊசியால் பெயர் எழுதுவதை மட்டுமே பார்த்திருப்பார்கள். உலோகத்தில் எழுத்தேற்ற மூன்று வழிகள் உண்டு. கூரிய உளியை உள்ளங்கையால் தள்ளி உலோகத்தைச் சுருள் சுருளாக நீக்குவது ஒன்று. நகைக்கும் முத்திரைக்கும் இதுவே முறை. உலோகத்தை நீக்காமல் உளியை வைத்துச் சுத்தியால் தட்டிப் பள்ளமாக்குவது இரண்டாவது. நகாசு வேலை இந்த வகை. எழுத்தே செதுக்கிய எஃகு அச்சை வைத்து ஒரே அடியில் பதிப்பது மூன்றாவது. பாத்திரக் கடை முதியவர் செய்தது இரண்டாவது. அவருடைய உளி சுண்டுவிரல் நீளம். அதன் நுனி அரிசி முனை அளவே இருக்கும். இரண்டு விரல்களுக்கிடையே அதை நிறுத்தி, சிறு சுத்தியால் விடாது தட்டிக்கொண்டே நகர்த்துவார். ஒவ்வொரு தட்டலும் ஒரு நுண்ணிய கீற்று. கீற்றுகள் சேர்ந்தால் கோடு. தூரத்திலிருந்து கேட்டால் பல்லி விடாமல் சொல்வது போலிருக்கும்.

நாம் அங்கே கற்றுக்கொண்டது ஒன்று. வளைவு வரும்போது உளி திரும்பாது. பாத்திரம்தான் திரும்பும். மடியில் கிடக்கும் குடத்தை இடக்கை மணிக்கட்டும் முழங்காலும் சேர்ந்து உருட்டிக் கொடுக்க, உளி நின்ற இடத்தில் நிற்பதுபோல நிற்கும். ஐரோப்பியச் செதுக்கர்கள் மணல் நிரப்பிய தோல் மெத்தைமேல் தகட்டை வைத்துத் திருப்புவதும் இதே விதிப்படிதான். ஆகவே இத்தொழிலுக்கு வரும் பையன் முதலில் கற்பது எழுத்தை அன்று. மடியில் கனத்தை உருட்டக் கற்கிறான். பிறகு பழைய தகர மூடியில் நேர்கோடுகள். அதன்பின் ட, ப, ம என்று கோடும் மூலையுமாக உள்ள எழுத்துகள். சுழியும் வளைவும் நிறைந்த இ, ஞ, ஐ ஆகியவை கடைசியில். அரிச்சுவடி வேறு, உளியின் சுவடி வேறு. நம் எழுத்துகளின் வளைவுக்கு ஓலையும் எழுத்தாணியுமே காரணம் என்பார்கள். ஓலைக்கு இணக்கமான வளைவு பித்தளையில் எத்தனை முரண்டு பிடிக்கும் என்பதை அந்த வாசற்படியில் பார்த்தோம்.

இன்னொன்று. பெயர் வெட்டுபவருக்கு அந்த மொழியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. வடசென்னை தமிழ் மட்டும் பேசும் பகுதியன்று. தெலுங்கு, உருது, குசராத்தி, மார்வாரி வீடுகள் எல்லாம் கலந்தது. வாடிக்கையாளர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். முதியவர் அதைப் படமாகப் பார்த்து வெட்டுவார். சீட்டில் பிழை இருந்தால் பாத்திரத்திலும் பிழை இருக்கும். நம் அத்தை ஒருவரின் சீர் அண்டாவில் 'ற' வரவேண்டிய இடத்தில் 'ர' நிற்கிறது. தமிழாசிரியரை மணந்துகொண்டவர் அவர். மாமா அந்த அண்டாவைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிழை யார் வீட்டுச் சீட்டிலிருந்து வந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எழுதுபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர் என்னும் இந்தப் பிரிவு மிகப் பழையது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905ஆம் ஆண்டு வெளிப்பட்டன. 31 ஏடுகள், சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோத்தவை. அவற்றின் வடமொழிப் பகுதியைப் பாடிய புலவர் ஒருவர். செம்பில் வெட்டியவர்கள் வேறு. வெட்டியவர்கள் காஞ்சிபுரத்துச் சிற்பிகள், ஹோவ்யம் என்னும் குலத்தார் என்று அச்செப்பேடே சொல்கிறது. லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டின் 21 ஏடுகளை வெட்டியவர்களும் அக்குலத்தவரே. தந்தை, மகன், சகோதரர் என்று ஒரே குடும்பத்தின் கைகள். இதிலிருந்து அந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசல் எதுவென்று ஓரளவு தெரிகிறது: பிறப்பு. தந்தையின் பட்டறையில் தவழ்ந்த பிள்ளை தந்தையின் உளியை எடுத்தான். பல்லவர் செப்பேடுகளிலும் வெட்டிய தச்சர்களைக் குறிக்கும் வழக்கம் காணப்படுகிறது. அரசனின் மெய்க்கீர்த்தி, தானம் பெற்றவர், நான்கெல்லை, சாட்சிகள் எல்லாம் முடிந்தபின் கடைசி வரியில் வெட்டியவனும் வந்து நிற்கிறான். அது புகழாசையால் மட்டும் வந்ததன்று என்பது நம் எண்ணம். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினால் ஒரு வயல் மாறிவிடும். வெட்டிய கை பொறுப்பேற்க வேண்டும். ஆகவே பெயர் வேண்டும்.

பிறப்பைத் தவிர வேறு வாசல்கள் எப்போது திறந்தன? பக்கத்துப் பட்டறையிலிருந்து தாண்டி வந்தவர்களைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது. உலகம் முழுவதும் இப்படித்தான். இலண்டனில் வில்லியம் காஸ்லன் என்னும் சிறுவன் 1706இல் துப்பாக்கியின் உலோகப் பாகங்களில் பூவேலை செதுக்கும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். பின்னர் அவன் வெட்டிய ஆங்கில அச்செழுத்து இரண்டு கண்டங்களில் புழங்கியது. ஓவியர் ஹோகார்த் தொடங்கியது வெள்ளித் தட்டுகளில் குலச் சின்னம் செதுக்கும் கடையில். நம் கதைக்கு மிக நெருக்கமானவர் வங்கத்துப் பஞ்சானன் கர்மகார். அவருடைய முன்னோர் செப்புத் தகட்டிலும் ஆயுதங்களிலும் பாத்திரங்களிலும் பெயரும் பூவும் வெட்டிப் பிழைத்தவர்கள். 1778இல் ஊக்ளியில் ஆல்ஹெடின் வங்க இலக்கணம் அச்சேறியபோது, சார்ல்ஸ் வில்கின்ஸோடு சேர்ந்து அதற்கு எழுத்து வெட்டியவர் பஞ்சானன். பின்னர் செராம்பூரில் கேரியின் அச்சகத்துக்கு வந்து, மருமகன் மனோகருக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். பாத்திரத்தில் பெயர் வெட்டும் கையும் ஒரு மொழியையே அச்சேற்றும் கையும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழ் அச்செழுத்து வங்கத்துக்கு இருநூறு ஆண்டு மூத்தது. 1577இல் கோவாவில் அதை முதலில் வெட்டியவர் ஜுவான் கொன்சால்வஸ், ஸ்பெயின் நாட்டவர், இரும்பு வேலையில் கைதேர்ந்த இயேசு சபைச் சகோதரர். மறு ஆண்டு கொல்லத்தில் ஜுவான் தெ பாரியா இன்னொரு தொகுதி எழுத்தை வெட்டுவித்தார். அந்த ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. அதன் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லத்து எழுத்தும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கொல்லர் ஒருவர் தமக்குத் தாய்மொழியல்லாத எழுத்தைப் படமாகப் பார்த்து எஃகில் வெட்டினார் என்பதை நினைக்கும்போது நமக்கு வாசற்படி முதியவரின் துண்டுச் சீட்டே நினைவுக்கு வருகிறது.

அச்செழுத்தின் உள்விவகாரம் வேடிக்கையானது. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்தால் நேராக விழும். அந்தச் செம்பில் ஈயம் வார்த்தால் மறுபடி மாறும். தாளில் அழுத்தினால் மறுபடி நேராகும். தமிழுக்கு உயிர்மெய்க் குறியீடுகளையும் சேர்த்து இத்தகைய எஃகுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுக்கூடம் சென்னை வேப்பேரிக்கு வந்து பப்ரிசியுவிடம் சேர்ந்தது. அதன்பின் சென்னை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தமிழ் அச்சின் பட்டறை. அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் மேற்பார்வையில் உருவான சிறிய, அடர்த்தியான எழுத்துகளே 1862இல் வின்ஸ்லோவின் அகராதியைச் சாத்தியமாக்கின. அந்த எழுத்துகளின் பெருமை மேற்பார்வையாளர் பெயரில் நிலைத்தது. இடவலம் மாற்றி எஃகைச் செதுக்கிய கைகளுக்கு வின்ஸ்லோ அகராதியில் கடைசி வரி இல்லை. சோழர் செப்பேட்டில் இருந்தது.

இனி வடசென்னைக்கே வருவோம். இராயபுரத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் தங்கசாலைத் தெரு. கும்பினியார் கோட்டைக்குள் தொடங்கிய நாணயச் சாலை 1840களின் தொடக்கத்தில் இத்தெருவுக்கு வந்தது, 1869இல் மூடப்பட்டது. பிறகு அவ்விடம் அரசு அச்சகமாயிற்று. காசு அடித்த இடத்தில் எழுத்து அடித்தார்கள் என்பது யாரும் திட்டமிடாத பொருத்தம். சென்னை நாணயச் சாலை 1807 முதல் வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக் காசைச் சேகரிப்போர் அறிவர். ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரம். மறுபுறம் திருமால், சுற்றிலும் தமிழ், தெலுங்கு எழுத்து. ஸ்பெயின் நாட்டு வெள்ளிக் காசுகளையே எடுத்து அவற்றின்மேல் இம்முத்திரையை அடித்தவையும் உண்டு. கூர்ந்து பார்த்தால் கோபுரத்துக்கு அடியில் பழைய காசின் சுவடு தென்படும். ஒரே மதிப்புள்ள காசுகளிலேயே எழுத்தின் வடிவமும் விண்மீன்களின் இடமும் மாறுகின்றன. முத்திரைக் கட்டை தேய்ந்தால் புதிதாக வெட்ட வேண்டும். புதிதாக வெட்டும்போது கை மாறும். நாணயவியலார் இவற்றை வகை வகையாக எண்ணிட்டுப் பிரிக்கிறார்கள். நமக்கோ ஒவ்வொரு வகையும் ஓர் ஆளின் கையெழுத்தாகப் படுகிறது. நாணயச் சாலை மூடினாலும் உளி பிடித்த கை சும்மா இராது. துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் அரக்கு முத்திரை வேண்டும். வீட்டுக்குப் பித்தளைப் பெயர்ப் பலகை வேண்டும்.

அதே வட்டாரத்தில், பிராட்வேயில், 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு அது பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய் அரசுப் பள்ளியாயிற்று. எழும்பூரில் இன்றுள்ள கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததுதான். குலத்தொழிலுக்கு வெளியே பிறந்த பையனும் கட்டணம் கட்டிச் செதுக்குக் கலை கற்கலாம் என்பது அங்கே புதிய செய்தி. ஆனால் பள்ளி தந்தது வரைபடமும் நிழலும் அளவும். மடியில் கனத்தை உருட்டும் வித்தையைப் பட்டறைதான் தந்தது. 1898இல் அப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்வதைத் தொடங்கிவைத்தார். பித்தளை வாங்க இயலாத வீட்டுக்கும் அதன் வழியே மலிவான உலோகப் பாத்திரம் வந்தது. பாத்திரம் வந்தால் பெயரும் வரும்.

பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு நகரின் இப்பகுதியில் அலங்காரமல்லாத காரணங்கள் இருந்தன. ஒண்டிக்குடித்தனங்களில் பத்து வீட்டுக்கு ஒரு குழாய். குடங்கள் வரிசையில் நிற்கும். கல்யாணம், கருமாதி என்றால் அக்கம்பக்கத்து அண்டாக்கள் எல்லாம் ஒரே பந்தலில் சேரும். ஆலை மூடிய மாதங்களில் பித்தளைத் தவலை சேட்டுக் கடைக்குப் போகும். மீட்கும்போது நம்முடையது இன்னது என்று காட்டப் பெயர்தான் சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய பெயர் பெண்ணின் பெயர். நிலமும் வீடும் அவள் பெயரில் இராது. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் வேறொருவர். ஆனால் தாம்பாளத்திலும் குத்துவிளக்கிலும் அவள் பெயரும் தேதியும் இருக்கும். மனத்தாங்கல் வந்து தாய்வீடு திரும்பும் பெண் அவற்றை எண்ணி எடுத்துக்கொண்டு போவாள். யாரும் மறுக்க முடியாது. ஒருவகையில் அதுவும் செப்பேடுதான். அதைச் செம்பில் எழுதிக் கொடுத்தவர் கடைவாசலில் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய மனிதர்.

நாடு விடுதலை பெற்றபின் எண்ணூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள் எழுந்தன. அசோக் மோட்டார்ஸ் 1948இல். திருவொற்றியூரில் என்பீல்டு 1955இல். இயந்திரத்துக்கும் எழுத்து வேண்டும்: வண்டியின் அடிச்சட்டத்தில் எண், வார்ப்பில் குறி, கருவியில் அளவுக்கோடு. எண் பதிக்கும் எஃகு அச்சுகளைக் கையால் செதுக்கித் தந்த சிறு பட்டறைகளுக்கு வேலை கிடைத்தது. உளியை அரைக்கவும் எஃகைப் பதப்படுத்தவும் ஆலையில் பழகியவர்கள், மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டியதும் உண்டு. குலத்தின் வாசலும் பள்ளியின் வாசலும் அல்லாத மூன்றாவது வாசல் இது. நாம் பார்த்த முதியவரும் அவ்வழி வந்தவர்தான் என்பதை அவர் பேச்சிலிருந்து அறிந்தோம். ஏதோ ஒரு வார்ப்பாலையில் விரல் நசுங்கி வேலை போனபின் உளியைப் பிடித்தவர். நசுங்கிய விரலில் உளி அசையாமல் நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

எவர்சில்வர் பரவியபோது தொழில் இன்னும் பெருகியது; கூடவே கடினமானது. பித்தளை உளிக்கு இடம் கொடுக்கும். எவர்சில்வர் அடிக்க அடிக்க இறுகும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை தட்டினால் உளிதான் மழுங்கும். திருத்த வழியில்லை. அப்புறம் மின்சார ஊசி வந்தது. கையில் பிடித்தால் அதுவே அதிர்ந்து புள்ளி புள்ளியாக எழுதிவிடும். பாத்திரத்தை உருட்ட வேண்டாம், கீற்றைக் கோக்க வேண்டாம். ஒரு வாரத்தில் யாரும் எழுதலாம்; கடைப் பையனே எழுதிவிடுகிறான். இப்போது இயந்திரச் செதுக்கும் லேசரும். இவற்றைக் குறை கூற நாம் வரவில்லை. கூலி குறைந்தது, வேகம் கூடியது, வாங்குவோருக்கு நன்மைதான். கையால் வெட்டியதில் இருந்த ஆழம் மட்டும் இல்லை. புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க மின்சாரப் புள்ளி மங்கிவிடும். பித்தளையில் உளி வெட்டியது அறுபது ஆண்டு சாம்பலுக்கும் புளிக்கும் அசையாமல் நிற்கிறது.

நம் பாட்டியின் தவலையில் 1961 என்று ஆண்டு உள்ளது. பாட்டியின் பெயரில் ஒரு 'லை' வரும். துதிக்கை தூக்கிய பழைய 'லை'. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபின் பாடநூல்களிலிருந்து அந்தத் துதிக்கை மறைந்தது. ஆனால் 1984இல் சித்திக்குச் சீராக வந்த எவர்சில்வர் குடத்தில் மறுபடி அதே துதிக்கை. ஆணை பள்ளிக்கூடத்துக்கும் அச்சகத்துக்கும் போயிற்று. உளிக்குப் போய்ச் சேரப் பல ஆண்டு ஆயிற்று. வடசென்னை வீடுகளின் பரண்களில் இருக்கும் பாத்திரங்களை யாராவது வரிசைப்படுத்தினால், தமிழ் எழுத்து மாறிய வரலாற்றை ஆண்டோடும் ஊரோடும் எழுதலாம். முதலெழுத்துகளைப் பார்த்தால் பெண்கள் தந்தை பெயரை விட்டுக் கணவர் பெயரை ஏற்ற காலமும் தெரியும்.

ஆனால் அந்த ஆவணக் காப்பகம் ஒவ்வொரு பண்டிகைக்கும் உருகிக்கொண்டிருக்கிறது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதியது வாங்குகிறோம். எடை போடும்போது பெயரை யாரும் படிப்பதில்லை. திருவாலங்காட்டு ஏடுகள் தப்பின. பரணில் கிடப்பவை தப்புவதில்லை. பங்கு பிரித்த அன்று நம் வீட்டிலும் ஏழு பாத்திரங்கள் எடைக்குப் போயின. போகுமுன் ஒவ்வொன்றின் கழுத்திலும் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டோம், கல்வெட்டைப் படி எடுப்பது போல. உறவினர்கள் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்தக் காகிதங்களைப் பின்னர் மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஏழில் நான்கில், ஆண்டின் கடைசி எண்ணுக்குப் பின், ஒரு சிறு இலை. மூன்றே கீற்றுகள், நெல் அளவு. மற்ற மூன்றில் அது இல்லை. அவற்றின் எழுத்தும் வேறு கை. இலை உள்ள நான்கும் திருவொற்றியூர்க் கடைத்தெருவில் வாங்கியவை என்று அத்தை சொன்னார். இப்போது உறவினர் வீடுகளுக்குப் போனால் காப்பி வரும்வரை டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இதுவரை அந்த இலையைப் பதினொரு பாத்திரங்களில் கண்டிருக்கிறோம்.